ஜெயிப்பதற்கு முன்பே ஒரு நன்றியுரை

தொலைக்காட்சி விருதுக் குழுவிலிருந்து இன்று ஒரு பெண் பேசினார். கொரோனாவால் விழா ஆன்லைனில்தான். என் ஆக்சிஜன் தட்டுப்பாடு செய்தி போட்டியில் இருக்கிறது. போட்டியிலுள்ள எல்லோரும் இப்போதே நன்றியுரையைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டுமாம். தோற்றவர்களின் உரையை அழித்துவிடுவார்களாம்.

"சிலிண்டருக்கு நின்ன கூட்டத்துக்குள்ள போய் எடுத்தது கேமராமேன் செல்வம்தாம்மா. அவர் பேரையும் சேருங்க."

"அவரை உங்க சேனல் போன மாசமே நிறுத்திடுச்சே சார். வேலைல இருக்கறவங்களுக்குத்தான் அவார்டு."

"சரி, உரையில நன்றி சொல்லிக்கறேன்."

"வேண்டாம் சார், சேனல்தான் ஸ்பான்சர். அச்சா, வீடியோ கிளியரா இருக்கணும். நல்ல கேமராமேனா பாத்து எடுங்க."

எங்கள் துவாரகா பகுதியில் நல்ல கேமராமேன் ஒருவர் வேலையில்லாமல் இருக்கிறார். உங்கள் சேனலில் இடமிருந்தால் சொல்லுங்கள். விருதெல்லாம் கேட்கமாட்டார்.