படத்தில் இருந்த பாதை

போடியிலிருந்து செய்தி அனுப்பும் வேலையில் இருந்தபோது, ஞாயிறு இணைப்புக்கு ஓர் ஆங்கிலேயரைப் பற்றி எழுதினேன். கம்பெனிக் காலத்தில் இந்த மலைகளை அளக்க வந்தவர். காலையில் சங்கிலி பிடித்து நிலம் அளப்பார். மாலையில் அதே இடத்தை நீர்வண்ணத்தில் வரைவார். குதிரை செத்த பின், காய்ச்சலோடு டோலியில் ஏறிப்போய் வரைந்தார். ஊர் திரும்பிப் படங்களைப் புத்தகமாக்கினார். கட்டுரையோடு அவர் வரைந்த படம் ஒன்றும் வந்தது: போடிமெட்டுக்குக் கீழே ஒரு பெரும்பாறை, அதன் இடப்பக்கம் ஏறும் ஒற்றையடிப் பாதை.

மூன்றாம் நாள் காலை அந்தப் பாறையருகே வெட்டுக்குத்து என்று தகவல் வந்தது. ஜீப்பில் போனேன்.

பாறைக்கு மேலே சிலமலை கிராமத்துக்காரர்களான அண்ணன் தம்பி இருவருக்குக் கொஞ்சம் ஏலக்காடு. இடப்பக்கம் பெரிய தோட்டம். அதன் வழியாகக் காய் மூட்டை இறக்கிவந்தார்கள். தோட்டத்தார் கேட் போட்டுப் பூட்டினார்கள். பதிவேட்டில் பாதையே இல்லை என்றது தாலுகா அலுவலகம். வலப்பக்கத்து ஓடையில் வழுக்கிவிழுந்து இறங்குவதுதான் மிச்சம். அன்று காலை, பேப்பரில் வந்த படத்தை வெட்டி லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு, கடப்பாரையோடு கேட்டை உடைக்கப் போயிருக்கிறார்கள்.

தோட்டத்துக் கங்காணி தம்பியின் வலக்கையை அரிவாளால் வெட்டினான். மூன்று விரல்கள் போயின. அண்ணன் கடப்பாரையால் கங்காணியின் மண்டையை உடைத்தான். நான் பார்த்தபோது ஏலச்செடி இலைகளில் ரத்தம் உறைந்திருந்தது. இரண்டு விரல்களைப் போலீஸ்காரர் எடுத்துவிட்டார். மூன்றாவதை எறும்பு மொய்த்தது.

ஆஸ்பத்திரியில் தம்பியின் கட்டிலருகே அண்ணன் போலீஸ் காவலில் நின்றான்.

“வாங்க சார். கங்காணிகிட்ட ஒங்க படத்தக் காட்டுனேன். ‘என்னடா, சினிமா போஸ்டரா?’ன்னு கேட்டான். அவன் தலயில ஒட்டிட்டு வந்துட்டேன்.”

தம்பி சிரிக்க முயன்றான். “வெரலு போனாப் போகுது. கோர்ட்டுல இந்தப் படம் நிக்கும்ல சார்? பாத கெடச்சிரும்ல?”

புத்தகத்தில் அந்தப் படத்தின் கீழே அந்த ஆங்கிலேயரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். பாதை உண்மையில் பாறைக்கு வலப்பக்கம், ஓடையை ஒட்டி ஏறுகிறது. காட்சி நன்றாக அமைய இடப்பக்கம் மாற்றி வரைந்தேன் என்று. அதை மொழிபெயர்த்துக் கட்டுரையில் சேர்த்திருந்தேன். பக்கத்தில் இருந்த இடத்துக்கு நான்கு வரி அதிகமானது. அந்தக் குறிப்பை வெட்டியது நான்தான்.

சொன்னேன்.

அண்ணன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்தது. போலீஸ்காரர் பிரிப்பதற்குள் இன்னும் இரண்டு முறை மோதினான்.

“விடுண்ணே,” என்றான் தம்பி. “சார், அந்த நாலு வரி வேற யாருக்குத் தெரியும்?”

“இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.”

“அப்பச் சும்மா இருங்க சார். ஒங்களுக்கு என்ன நட்டம்?”

அடுத்த ஞாயிறு நான் எழுதிய திருத்தம் வந்தது. தோட்டத்து வக்கீல் அதை நீதிமன்றத்தில் கொடுத்தார். பாதை கிடைக்கவில்லை.

தீர்ப்பு வந்த அன்று மதியம், ஜாமீனில் இருந்த அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் பைக்கில் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தான். ஓடவில்லை. எரிந்து முடியும்வரை என் பக்கத்திலேயே நின்றான்.

“இதையும் எழுதுங்க சார்,” என்றான். “ஒரு வரி கொறையாம எழுதுங்க.”