கனகா என்று அடிக்க வரவில்லை

போன வாரம் குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பழைய லாட்ஜை இடித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த சுண்ணாம்பு வாடை கார் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது. எனக்கு மரகதம் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. அக்காவின் கையெழுத்துத் தாள்களும் அப்படித்தான் மணக்கும். ஒழுகுகிற வீட்டில் உட்கார்ந்து கதை எழுதியவர்.

அப்போது நான் தென்காசியில், கோயில் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். பிழையில்லாமல் அடிப்பேன் என்று எனக்கு மண்டைக்கனம் வேறு. (ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையும் மாமனார் பெயரையும் மாற்றிப் போட்ட கதையை இங்கே விட்டுவிடுகிறேன்.) அக்காவுக்குத் தொலைபேசி அலுவலகத்தில் வேலை. பீடி சுற்றுகிறவர்கள், லாட்ஜில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், அடி வாங்கிய மறுநாளே போலீஸ் ஸ்டேஷன் படியேறியவர்கள், இப்படிப் பெண்கள்தான் அவர் கதைகள் முழுக்க. "பாவம்னு எழுதப்பிடாதுட்டி. நியாயம்னு எழுதணும்" என்பார்.

ஒரு ஆடி மாதம் புதுக் கதை ஒன்றைக் கொண்டுவந்தார். குற்றாலத்து லாட்ஜில் போர்வை துவைக்கிற பெண். முதலாளி மேல் புகார் கொடுப்பேன் என்று சொன்ன மூன்றாம் நாள், அருவிக்குக் கீழே பாறையிடுக்கில் கிடக்கிறாள். வழுக்கி விழுந்ததாகப் போலீஸில் எழுதி முடித்துவிடுகிறார்கள். நிஜமாகவே நடந்தது. "எம்மவ பேரு வேண்டாம், இன்னும் ஒருத்தி கட்டிக்குடுக்க இருக்கா" என்று பெற்றவள் கெஞ்சியதால், அக்கா அவளுக்குக் கனகா என்று பெயர் வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அடித்துக் கொடுத்ததைப் படித்துக்கொண்டே வந்தவர், கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"ஏட்டி, இது யாரு பிச்சம்மா?"

பார்த்தேன். அவள் பாறையில் கிடக்கிற பகுதியில், கனகா வரவேண்டிய நான்கு இடத்திலும் பிச்சம்மா. கையெழுத்தில் கனகாதான். வெட்கத்தோடு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே திருத்தினேன். மறுபடி எடுத்த தாளில் மூன்று சரி. நான்காவது, பிச்சம்மா.

அக்கா முகம் வெளுத்துவிட்டது. "இந்தப் பேர உனக்கு ஆரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. அப்படி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது."

"செத்தவ பேரு அதான்."

பட்டப்பகல். தெருவில் ஆட்டோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குப் பிடரியில் ஈரத்துணி போட்டதுபோல் சில்லென்றது. பஸ்ஸில் யாரோ பேசிக் காதில் விழுந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நம்பத்தான் முடியவில்லை.

அந்தத் தாளோடு வீரகேரளம்புதூர் பக்கம் பிச்சம்மாவின் அம்மா வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். நடந்ததைச் சொன்னோம். அந்த அம்மா அழவில்லை. எங்கே என்று கேட்டார். பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். வெகுநேரம் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவளே கேக்குறா. போடுங்க."

அந்தப் பெயரோடு கதை பத்திரிகையில் வந்தது. லாட்ஜ்காரர் அனுப்பிய ஆட்கள் அக்கா வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள். அக்கா மசியவில்லை. கதையை யாரோ வாசிக்கக் கேட்டு, அங்கே வேலை பார்த்த இரண்டு பெண்கள் தாங்களாகவே வந்து சாட்சி சொன்னார்கள். வழக்கைத் திரும்ப விசாரித்தார்கள். தண்டனை வரை போகவில்லை. முதலாளி ஊரைவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

பிறகு சந்தை நாளுக்கு வரும்போதெல்லாம் அந்த அம்மா கடைக்கு வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. "அந்த இடத்த வாசி தாயி" என்பார். வாசிப்பேன். பெயர் வந்ததும் அவர் கண் என்னைத் தாண்டி, என் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும். முகம் மெல்ல இளகும். நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவர் போய்ச் சேர்ந்தார். அக்காவும் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். சில மத்தியானங்களில், வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்தக் கதையை எடுத்துச் சத்தமாக வாசிக்கிறேன். பெயர் வந்ததும் இப்போதெல்லாம் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். யாரும் இல்லை.