சிங்காரவேல் மேல் சிங்காரவேல் கொடுத்த பிராது

சிங்காரவேலுக்கு மேசை உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது படிப்பு அல்ல, இடுப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சு ஊற்றியவர். ஒரு நாள் தசாவதார செட்டில் கூர்மத்தின் அச்சைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. ஆமையைத் தூக்கப்போன மனுஷன் ஆமை மாதிரியே வீடு வந்து சேர்ந்தார். இனி குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். குனியாமல் தூக்காமல் அச்சு வேலை பார்ப்பது நனையாமல் குளிக்கிற கதை.

முதலாளி பழமலைநாதன் இரக்கக்காரர்தான். ஆனால் இரக்கத்தையும் வீணாக்காத ஆள். கம்பெனிக்கு இணையத்தில் ஒரு பக்கம் வேண்டும், நவராத்திரிக்கு முன்னால் வெளியூர்க் கடைக்காரர்கள் அதைப் பார்த்தே ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. சென்னையில் காலேஜ் படிக்கும் அவர் மகள் இளமதி லீவில் வந்தபோது, பக்கம் தயாரிக்கிற எடிட்டர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சிங்காரவேலுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ரயிலேறினாள். பொம்மையைச் செல்போனில் படம் பிடிக்க வேண்டும். படங்களைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட வேண்டும். அங்கிருந்து பக்கத்துக்குள் கொண்டுவந்து, கீழே பேரும் அளவும் எழுதி, சேவ் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"ஆடி முடியறதுக்குள்ள ரெடியாவணும்ண்ணே," என்றார் பழமலைநாதன். "முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. நெய்வேலில ஒருத்தரு இருக்காரு, அவர வரச் சொல்லிடறேன்."

மேசையை விட்டால் சிங்காரவேலுக்கு அந்தக் கம்பெனியில் இருக்கிற ஒரே இடம் அச்சுக் கொட்டகை. அங்கே போக அவருடைய இடுப்பு சம்மதிக்காது. ஆகவே முடியும் என்று சொல்லிவிட்டார்.

இங்கே அச்சு ஊற்றுகிறவனின் தர்மத்தைச் சொல்லியாக வேண்டும். அச்சுக்குள் மண்கரைசலை நிரப்பிச் சற்றுப் பொறுத்தால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உட்சுவரில் தோல் மாதிரி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தோல்தான் பொம்மை. நடுவில் நிற்கிற மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். கவிழ்க்காமல் விட்டால் பொம்மை சூளையில் வெடித்து, பக்கத்தில் சிவனே என்று நிற்கிற பொம்மையையும் கெடுக்கும். சிங்காரவேல் ஆயுசில் கவிழ்க்க மறந்ததே கிடையாது. வீட்டில் தண்ணீர் குடித்தால்கூட சொம்பில் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் வைப்பார். அதற்காக மனைவி சின்னம்மாளிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் முதல் நாள் தசாவதாரத்தைப் பக்கத்தில் ஏற்றினார், சேவ் கொடுத்தார். படங்கள் பக்கத்தில் பளிச்சென்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஃபோல்டரைப் பார்த்தால் அங்கேயும் அதே படங்கள். மிச்சம். மிச்சத்தை வைத்துக்கொண்டு எந்த அச்சுக்காரன் வீட்டுக்குப் போவான்? அத்தனையையும் சேர்த்துப் பிடித்து அழித்தார். திரையில் இருந்த குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். செல்போனில் இருந்ததையும் விடவில்லை. கை சுத்தம், மனசு சுத்தம் என்று எழுந்து போனார்.

காலையில் திறந்தால் பேர் இருந்தது, அளவு இருந்தது, படம் இல்லை. ஒவ்வொரு படத்தின் இடத்திலும் ஒரு வெறும் கட்டம், அதன் மூலையில் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு குறி. வாமனர் சின்ன உருவம், எங்கேயாவது ஒதுங்கியிருப்பார் என்று சமாதானம் சொல்லலாம். அந்த நரசிம்மரையுமா காணோம்?

மறுபடி படம் பிடித்தார், மறுபடி ஏற்றினார், சேவ் கொடுத்தார், தர்மம் தவறாமல் கவிழ்த்தார். மறுநாள் மறுபடி கட்டம். பேக்கிங் ஆனதைப் பிரித்து வைக்கோலுக்குள்ளிருந்து மீனாட்சி கல்யாண செட்டை வெளியே எடுக்கச் சொன்னபோது பேக்கிங்காரர்கள் அவரைச் சபித்தார்கள். தினமும் பிரித்துக் கட்டுவதற்கு அதென்ன சோற்று மூட்டையா?

சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டார். "சேவ் குடுத்தீங்களா மாமா?" என்றாள் இளமதி. "குடுத்தேம்மா," என்றார். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை, அவரும் கவிழ்த்ததைச் சொல்லவில்லை. சாப்பிட்டேன் என்று சொல்கிறவன் கை கழுவினேன் என்றும் சேர்த்தா சொல்வான்?

கம்பெனியில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார் ஒருவர். சூளைச் சூடு என்றார் இன்னொருவர். இது ஜங்ஷன் ஊர், படங்கள் வண்டி மாறிப் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார் மூன்றாமவர். யாரோ கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார்கள். சிங்காரவேலின் சந்தேகம் மட்டும் எதிர்மேசைக் கணக்கர் பாரி மேல் விழுந்தது. சிங்காரவேலின் தலைக்கு மேலே இருந்த மின்விசிறி மேல் பாரிக்கு எப்போதுமே ஒரு கண்.

ஆடி தேய்ந்துகொண்டே வந்தது. நெய்வேலிக்காரரின் பேர் முதலாளி வாயில் அடிக்கடி வர ஆரம்பித்தது.

"இன்னும் ஏன் யோசிக்கிறீங்க? கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது கட்டிடுங்க," என்றாள் சின்னம்மாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை மனுவாக எழுதிச் சன்னதியில் கட்டித் தொங்கவிட்டால் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் என்பது சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தெரியும். ஆடு காணாமல் போனாலும் கட்டுவார்கள், அண்ணன் தம்பி பேசாமல் போனாலும் கட்டுவார்கள். சிங்காரவேல் சாமி முன்னால் நின்று, "பிராது குடுக்க வந்திருக்கேன், நீதான் பாத்துக்கணும்," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிற பக்கிரியிடம் போனார்.

"பொருள் காணாம போன எடம் இங்கேருந்து எவ்ளோ தூரம்? தூரத்த வச்சித்தான் கட்டணம்," என்றார் பக்கிரி.

"சிஸ்டம் விருத்தாசலத்துலதாங்க இருக்குது. பக்கம் அமெரிக்காவுக்குப் போயிடும்ங்கறாங்க."

"பக்கம்ங்கறீங்க, அமெரிக்காங்கறீங்க," என்று பேனாவை மூடினார் பக்கிரி. கடைசியில் விருத்தாசலம் என்றே எழுதச் சம்மதித்தார். "தண்டன என்னா கேக்கறீங்க?"

"இத்த செஞ்சவன் இனிமே அந்த மேசைப் பக்கமே வரக்கூடாதுங்க." பக்கிரி எழுதிக்கொண்டார்.

"எதிரி பேரு?"

பாரி என்று நாக்கு நுனி வரை வந்தது. கண்ணால் பார்க்காததைச் சாமியிடம் எப்படிச் சொல்வது? "தெரியலீங்க," என்றார்.

"எதிரி இல்லாம பிராது ஏது? கடைசியா அந்தப் படத்தத் தொட்டது யாரு?"

"நான்தாங்க."

"தொட்டு என்னா பண்ணீங்க?"

"சேவ் குடுத்தேன். அப்பறம் மிச்சத்தக் கவுத்துட்டேன்."

"கவுத்துட்டேன்னா?"

"அழிச்சிட்டேங்க."

பக்கிரிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, மனு தெரியும். எழுதினதை வாசித்துக் காட்டினார். "மேற்படி மனுதாரராகிய நான் மேற்படி படங்களைத் தினமும் மாலையில் என் கையாலேயே அழித்துவிட்டு, மறுநாள் காலையில் மேற்படி படங்களைக் காணாமல் மிகுந்த மனவேதனை அடைந்து வருகிறேன்." வாசித்து முடித்து அவரைப் பார்த்தார். மரத்தடியே அவரைப் பார்ப்பது போல் சிங்காரவேலுக்கு இருந்தது. அங்கிருந்தே இளமதிக்குப் போன் போட்டார்.

"ஐயோ மாமா, பக்கத்துக்குள்ள படம் இருக்காது," என்றாள் அவள். "படம் எந்த ஃபோல்டர்ல இருக்குதுங்கற விலாசம்தான் இருக்கும். நீங்க வூட்டையே இடிச்சிட்டா விலாசத்த வச்சிக்கிட்டு அது யாரப் போய்ப் பாக்கும்? எடிட்டர மூடற வரைக்கும்தான் அது காட்டும்."

"அப்ப எதிரி பேரு சிங்காரவேல்னு போட்டுடறேன்," என்றார் பக்கிரி.

"கிழிச்சிடலாங்களா?"

"சாமிகிட்ட சொல்லிட்டுத்தான வந்தீங்க? நான் எழுதினத கிழிக்க மாட்டேன். கட்டுங்க, அப்பறமா வந்து வாபஸ் வாங்கிக்குங்க."

சிங்காரவேல் நியாயஸ்தர். பாரியாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டியிருப்போம், நமக்கு என்றால் மட்டும் சலுகையா என்று யோசித்தார். கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் ஃபோல்டரில் கை வைக்கவில்லை. கவிழ்க்காமல் எழுந்து போகும்போது, அடுப்பை அணைக்காமல் ஊருக்குப் போவது போல் உடம்பெல்லாம் அரித்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். காலையில் மச்சம் முதல் கல்கி வரை அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே நின்றார்கள். சிங்காரவேல் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆடி முடிவதற்குள் பக்கம் வெளியானது. ஆர்டர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்த அவசரத்தில் வாபஸ் வாங்கப் போவது நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது.

அதற்குள் சாமி முந்திக்கொண்டது. பழமலைநாதன் லட்டும் கையுமாக வந்தார்.

"பக்கத்த அருமையா முடிச்சிட்டீங்கண்ணே. இப்ப கீழ அச்சுக்கு ஆளு பத்தல. மேசைய பாரிகிட்ட உட்டுட்டு எறங்கி வாங்க."

"மொதலாளி, என்னால குனிய முடியாதுங்க."

"தெரியும்ண்ணே. ஸ்டூல் போட்டுத் தரேன், ஒக்காந்துகிட்டே ஊத்துங்க."

சிங்காரவேலுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஸ்டூலில் உட்கார்ந்தே ஊற்றலாம்தான். உட்கார்ந்தபடி அச்சைக் கவிழ்த்துப் பார்க்கட்டும், தெரியும். கொட்டகையில் முதல் நாள் சாயங்காலம் அவரை இரண்டு பேர் பிடித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. மேலே மின்விசிறிக்குக் கீழே பாரி வேர்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் சின்னம்மாள் தைலம் தேய்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அடுத்தவன் மேல பிராது கட்டுனவங்களப் பாத்திருக்கேன். தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டது நீங்கதான். மொதல்ல போயி வாபஸ் வாங்கிட்டு வாங்க."

மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் மரத்தடிக்குப் போனார். பக்கிரிக்கு அவரை மறக்கவில்லை, யாருக்குத்தான் மறக்கும்? வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு முறைப்படி கேட்டார்.

"மனுதாரருக்கு வாபஸ் வாங்க முழுச் சம்மதமா?"

"சம்மதங்க. படமெல்லாம் கெடைச்சிடுச்சி."

"எதிரி வந்திருக்காரா?"

"வந்திருக்காருங்க."

"அவரு என்னா சொல்றாரு?"

உட்கார்ந்து பதில் சொல்லலாம் என்று சிங்காரவேல் மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். பாதியிலேயே இடுப்பு நின்றுவிட்டது. அப்படியே நின்றபடி சொன்னார்.

"தண்டன போதுங்கறாருங்க."