மாதலேனின் ஒருசந்தி

மாதலேன் நாலு வருஷமாகப் படுத்துத் தூங்கியதில்லை. படுத்தால் கழுத்துச் சதை மூச்சை அடைத்துவிடும். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். தலை சரிந்து குறட்டை சட்டென்று நின்றுபோனால், பக்கத்துக் கட்டிலில் அரைக்கண் மூடிக் கிடக்கும் புருஷன் ஃபெர்னான் எழுந்து அவள் தாடையைத் தூக்கிப் பிடிப்பார். மூச்சு திரும்பும். பகலில் டான் சோன் நாட் விமான நிலையச் சாலையில் இருந்த டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் எழுதிக்கொண்டே தூங்கி வழிவாள். பாரிசுக்குக் கேட்டவருக்கு பாங்காக் எழுதிக் கொடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்த குடும்பம். சோற்றுப் பானையை அவளே காலி பண்ணுகிறாள் என்று கோயில் வாசலில் பேசிக்கொள்வார்கள். ஊர் வாய்க்கு என்ன தெரியும்! பட்டினி கிடப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இளைப்பாள், பிறகு போனதெல்லாம் வட்டியோடு திரும்பி வரும்.

எழுபத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அமெரிக்க சர்ஜன் ஒருவர் வந்துபோகத் தொடங்கினார். குடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு முனைகளை இணைத்துத் தைத்துவிடுவாராம். தின்றது உடம்பில் ஒட்டாதாம். எல்லோருக்கும் செய்ய மாட்டார். இருக்க வேண்டிய எடைக்கு மேல் நாற்பத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும். பத்தியம் இருந்து தோற்றவராகவும் இருக்க வேண்டும். மாதலேனுக்கு அந்தக் கோடு தொண்ணூற்றேழு கிலோ. தராசு நூறு காட்டியது.

"தூக்கத்தில் மூச்சு முட்டுகிறதா, மதாம்?" என்று டாக்டர் தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லவே இல்லை" என்றாள் மாதலேன். நோய்க்காரி என்றால் கத்தி வைக்க மறுத்துவிடுவாரோ என்ற பயம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தவள்போலக் குறையெல்லாம் மறைத்தாள். ஈஸ்டர் முடிந்து வரச் சொன்னார்.

"இந்தாங்க, அடுத்த கிறிஸ்மஸுக்கு நான் உங்க பக்கத்துல படுத்துக் குறட்டை விடப்போறேன்" என்றாள் வீட்டில்.

"விடு, விடு. காதுக்குப் பஞ்சு வாங்கி வச்சுக்கறேன்" என்றார் ஃபெர்னான். அவருக்கும் கண் கலங்கியது.

தவக்காலம் வந்தது. ஆப்பரேஷன் நல்லபடி முடிய வேண்டுமென்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருந்தாள். நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் கஞ்சி. இளைத்துப் போய் நின்றால் டாக்டருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

ஈஸ்டர் முடிந்து தராசில் ஏறினாள். தொண்ணூற்று நாலு. பெருமையாக நிமிர்ந்து பார்த்தாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "கோட்டுக்குக் கீழே வந்துவிட்டீர்கள். நீங்களாகவே இளைக்க முடிகிறதே! இது ஆபத்தான ஆப்பரேஷன், வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான்."

"எனக்கும் வழியில்லை ஐயா. படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. நாற்காலியில்தான் தூங்குகிறேன்."

"அன்று இல்லை என்றீர்களே, மதாம்."

அவள் அழுதாள். ஆப்பரேஷனுக்காக அழுதவர்கள் பலரை அவர் பார்த்திருந்தார். "வருஷக் கடைசியில் மறுபடி வருவேன், அப்போது பார்க்கலாம்" என்று அனுப்பிவைத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் எடை கோட்டைத் தாண்டிவிட்டது. உடம்பு பெருத்ததற்கு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியவள் சைகோனில் அவள் ஒருத்திதான். வருஷம் முடிந்தது, டாக்டர் வரவில்லை. மறு ஜனவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி அமெரிக்கர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அந்த ஆஸ்பத்திரி நர்சு ஒருத்தி ஊருக்குப் போக மாதலேனிடமே டிக்கெட் வாங்க வந்தாள். அவர் இனி வரமாட்டார் என்று அவள்தான் சொன்னாள். மாதலேன் டிக்கெட்டைத் தப்பில்லாமல் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த தவக்காலத்தில் அவள் ஒருசந்தி இருக்கவில்லை. யாரும் ஏனென்று கேட்கவுமில்லை. காய்ச்சலில் கிடந்த ஃபெர்னான் ஒருநாள் இரவு மாத்திரை மயக்கத்தில் அசந்துவிட்டார். விடிந்து பார்த்தபோது நாற்காலியில் அவள் தலை மார்பில் கவிழ்ந்திருந்தது.

சவப்பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். ஃபெர்னானின் கை தன்னால் நீண்டு அவள் தாடையைத் தூக்கிப் பிடித்தது.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்றார். "தலைக்கு ஏதாவது உசரமா வைங்க. இப்படி மல்லாக்கப் படுக்கவச்சா அவளுக்கு மூச்சு முட்டும்."