போர்த்தேங்காயோடு விருதுக்குப் போனது

பிள்ளையள், உங்கள் மாமா பள்ளிக்கூடத்தில் நூறு யார் தூர ஓட்டத்தில் வென்ற கப் ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. அந்த அலுமாரி உங்கள் அம்மாவின் சீதனம். வரும்போதே கப் உள்ளேதான் இருந்தது. வீட்டுக்கு வருகிற ஆட்கள் அது நான் ஓடி எடுத்ததோ என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. என் பெயர் வெட்டிய ஒன்றும் அதற்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எனக்குக் கனகாலமாக ஆசை.

எழுபதுகளில் ஒருமுறை கொழும்பிலிருந்து எங்கள் நயினாதீவின் கிராம அதிகாரி விதானையாருக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய விளையாட்டு, புதிய விளையாட்டு இரண்டிலும் திறமானவர்களுக்கு நாட்டளவில் விருது கொடுக்கப் போகிறார்களாம். எனக்குத் தெரிந்தது போர்த்தேங்காய் ஒன்றுதான். சித்திரை வருஷப்பிறப்பில் ஒருவர் தேங்காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தன் தேங்காயால் ஓங்கி அடிப்பார். தேங்காய் உடைந்தவர் தோற்றார்; உடைந்த தேங்காயும் வென்றவருக்குத்தான். என்னிடம் அப்போது சின்னனாக, ஓடு தடித்த ஒரு தேங்காய் இருந்தது. அந்த வருஷம் இருபத்தொரு தேங்காயை உடைத்தும் அதில் ஒரு கீறல்கூட இல்லை.

விதானையார் கடிதத்தோடு வந்த படிவத்தை நிரப்பத் தொடங்கினார். உயரம், நிறை, நெஞ்சளவு எல்லாம் கேட்டிருந்தார்கள்.

"உம்மடை நிறையோ, தேங்காயின்ரை நிறையோ?" என்றார்.

இரண்டையும் எழுதச் சொன்னேன். பயிற்சி எவ்வளவு நேரம் என்ற இடத்தில், தேங்காய் மரத்தில் நின்ற காலத்தையும் சேர்ப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதை வெறுமையாக விட்டார். உங்கள் மாமா பக்கத்தில் கதிரையில் இருந்தார்.

"மச்சான், விருதை உமக்குத் தந்தால் தேங்காய் கோவிக்காதோ?" என்று கேட்டார்.

ஒரு மாதத்தில், வென்ற தேங்காயோடு யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வரும்படி எழுதியிருந்தார்கள். போகிற அன்று காலை வீட்டார் எல்லாரும் துறைக்கு வந்தார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறவர் துறையடிப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் அடித்துவிட்டுத்தான் வள்ளம் ஏறுவது வழக்கம். உங்கள் அம்மா குசினியிலிருந்து கறிக்கு வைத்திருந்த ஒரு தேங்காயை எடுத்து, என் போர்த்தேங்காய் இருந்த பையில் வைத்திருந்தா. என் கை களைக்கக்கூடாது என்று உங்கள் மாமா தானே அடிப்பதாகச் சொன்னார். நல்ல மனதோடு சொன்னார். பைக்குள் கையை விட்டு, கையில் பட்டதை எடுத்து, பிள்ளையாரின் கல்லில் அடித்தார்.

தேங்காய் உடையவில்லை. உருண்டுபோய் என் மாமியின், உங்கள் அம்மம்மாவின், காலடியில் நின்றது. திரும்பவும் அடித்தார். கல்லில் ஒரு சில்லுத் தெறித்தது. மாமியின் முகம் கறுத்தது.

"பிள்ளையார் வேண்டாமெண்டுறார் தம்பி. வீட்டை வாரும்."

நான் பைக்குள் பார்த்தேன். குசினித் தேங்காய் உள்ளே இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். உங்கள் மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தோல் உரித்தபிறகு எல்லாத் தேங்காயும் ஒரே மாதிரித்தானே என்றார். மாற்றி அடிப்போமோ என்று கோயில் ஐயரைக் கேட்டோம். பிள்ளையாருக்கு என்று அடித்ததைத் திருப்பி எடுக்க ஏலாது, அது உடையத்தான் வேணும் என்றார் அவர். வள்ளக்காரர் தானும் இறங்கி வந்து ஒருமுறை அடித்துப் பார்த்தார். வள்ளத்தில் இருந்த சனம் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேங்காய் உடையாவிட்டால் மாமி என்னைப் போக விடமாட்டா. உடைந்தால் கொண்டுபோக ஒன்றுமில்லை. அந்தத் தேங்காயின் நோவிடம், அடித்தால் உடைகிற இடம், எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கண்ணுக்குக் கீழே ஒரு விரல் தள்ளி, பக்கவாட்டில். அதைக் கல்லுக்குக் காட்டி ஒரே அடி அடித்தேன். மூன்றாகப் போனது. மாமி கும்பிட்டா. நான் குசினித் தேங்காயோடு வள்ளம் ஏறினேன்.

கச்சேரியில் கொழும்பு அதிகாரி தமிழ் தெரிந்தவர். மோதிப் பார்ப்பதற்கென்று ஒரு தேங்காய் வாங்கி மேசையில் வைத்திருந்தார். என்னுடையதை நிலத்தில் வைக்கச் சொல்லித் தானே அடித்தார். வாழ்க்கையில் முதல்தரம் அடித்தவர். என் தேங்காய் உடனே இரண்டாகி, உள்ளே இருந்த தண்ணீர் அவருடைய சப்பாத்தில் வழிந்தது.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப உங்கடை கணக்கில இப்ப ஆர் வெண்டது?"

"நீங்கள்தான் ஐயா. உடைஞ்சதும் உங்களுக்குத்தான். அதுதான் முறை."

அவர் வேண்டாம் என்றார். முறையை மாற்ற ஏலாது என்று இரண்டு பாதியையும் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிப் படிவங்களுக்கு மேல் வைத்துவிட்டு, என் படிவத்தில் ஒன்றும் எழுதாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்தவர் கிளித்தட்டுக்காரர். அது தனியே ஆட ஏலாத விளையாட்டு என்று அவர் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.