போனை வெளியே வைக்கவும்

என் மனைவி துணைவேந்தரானபோது எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள். பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியாரான எனக்கு மட்டும் அந்தப் பல்கலைக்கழகத்தை நினைத்துப் பாவமாக இருந்தது. வீட்டில் மிச்சம் மீதிச் சாப்பாட்டுக்கெல்லாம் தேதி எழுதி ஒட்டுகிறவள் அவள். தலைவலி என்று சொன்னால் மாத்திரை தரமாட்டாள். "எப்பலேர்ந்து? நேத்தும் இதே நேரமா?" என்று குடைவாள். தலைவலி அதற்குள் பயந்து ஓடிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பதுதான் அவள் தொழில். ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றுக்குத் தீனி மாற்ற வேண்டும். துளி அழுக்கு பட்டாலும் போச்சு. அதனால் ஆய்வுக்கூடக் கதவில் அவள் கையெழுத்திலேயே ஒரு அட்டை தொங்கும்: 'போனை வெளியே வைக்கவும்.' கட்டின புருஷனுக்கும் அதே சட்டம்தான். ஒருமுறை சட்டைப்பையில் போனோடு நுழைந்து, மாணவர்கள் எதிரிலேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பதவி வந்த பிறகும் கூடத்துச் சாவியை அவள் விடவில்லை. காலையில் கூட்டம், மத்தியானம் கூட்டம், நடுவில் செல்களிடம் ஒரு ஓட்டம்.

"பெத்த பையன் கூப்பிட்டா எடுக்க நேரமில்ல, அதுங்களுக்கு மட்டும் வேளாவேளைக்கு ஊட்டு" என்பேன்.

"அதுங்க எதிர்த்துப் பேசாதுங்க" என்பாள்.

வம்பு அவளே போட்ட விதியில் வந்தது. சரியாகப் பயன்படாத ஆய்வுக்கூடங்களை, இடமில்லாமல் தவிப்பவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டாள். முதல் ஆளாக வந்து நின்றவள் ஒரு இளம் விஞ்ஞானி. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பினால், அவள் மேசை மாடிப்படி ஓரத்தில் கிடந்ததாம். அவள் கேட்டது, பாதி நாள் பூட்டியே கிடக்கும் துணைவேந்தரின் கூடத்தையேதான். கைக்குழந்தைக்காரிக்குப் பயம் ஏது?

"அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்று அனுப்பிவிட்டாள் என் மனைவி. அடுத்த மாசமும் அதையே சொன்னாள்.

"உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா?" என்றேன் சாப்பாட்டு மேசையில்.

"இருபது வருஷம்ங்க. அதையும் குடுத்துட்டா நான் வெறும் கையெழுத்து போடற ஆளாயிடுவேன்." குரல் உடைந்துவிட்டது. அடுத்த கிண்டலை விட்டுவிட்டு அவள் தட்டில் ரசம் ஊற்றினேன்.

அந்த வாரமே அது நடந்தது. தீனி மாற்றிக்கொண்டிருக்கும்போது பையில் போன் அலறியது. அமைச்சகம். துணைவேந்தர் எங்கே போனை வெளியே வைப்பது? எடுத்துப் பேசினாள், அதே கையோடு தட்டுகளை மூடி வைத்தாள். அடுத்த முறை போய்ப் பார்த்தால், தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டிய தீனி நீர் மஞ்சளாய்க் கலங்கிக் கிடந்தது. அத்தனை தட்டும் பாழ். இதையே ஒரு மாணவன் செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அழுதாள். நான் கிண்டல் எதுவும் செய்யாமல் அந்தப் பையை வாங்கி வைத்தேன், அதுவே அதிசயம்தான்.

மறுநாள் அவளே மாடிப்படி ஓரத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்தாள். "உறைபெட்டியில என் செல் கொஞ்சம் உறைஞ்சு பத்திரமா தூங்குது. முடிஞ்சா எழுப்பிப் பாரும்மா" என்றாளாம்.

சில வாரம் கழித்து நானும் என் மனைவியும் அந்தப் பக்கம் போனோம். தன் கூடத்துக் கதவையே தட்டிவிட்டுக் காத்து நின்றாள். இளம் விஞ்ஞானி எட்டிப் பார்த்தாள்.

"வாங்க மேடம்! உங்க செல்லெல்லாம் முழிச்சிடுச்சு."

என் மனைவி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"மேடம்... போன்" என்று அந்தப் பெண் அட்டையைக் காட்டினாள்.

தொலைந்தது, என்று நான் ஒரு அடி பின்வாங்கினேன். என் மனைவிக்கோ முகமெல்லாம் சிரிப்பு. போனை என் கையில் திணித்துவிட்டு, அன்றைக்குத்தான் சேர்ந்த மாணவி மாதிரி உள்ளே ஓடினாள்.

உடனே அது அலறியது. அமைச்சகமேதான்.

"அவங்க வேலையா இருக்காங்க" என்றேன்.

என்ன வேலை என்று கேட்டார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னொருத்தி தீனி மாற்றுவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப முக்கியமான வேலைங்க. அப்புறமா கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டேன்.