மடியில் இருந்த கொடி

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் எங்கள் பிரதேசத்துக்கென்று ஒரு கொடி பறக்கிறதென்றால் அது என் மூளையில் பிறந்தது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு ஏலாது. அடக்கமாயிருந்த ஆட்களின் வேலைக்கெல்லாம் வேறு ஆட்கள் மாலை வாங்கினதைக் கண்டிருக்கிறேன்.

பிரதேச விளையாட்டு விழாவுக்குக் கொடி வேண்டுமென்று முதலில் படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். மாதக்கணக்காய்த் தேத்தண்ணி குடித்து அவர்கள் கண்டுபிடித்தது, வெள்ளைத் துணியின் நடுவில் தேங்காயளவில் ஒரு சின்னம். அதற்குள்ளே மலை, மான், கப்பல், நெற்கதிர், போதாததற்குப் புத்தகமும். அதைத் துறைமுக வீதி நெடுகக் கட்டினார்கள். கச்சான் காற்று எழும்பாத காலைநேரம். துணியெல்லாம் தொங்கி, சின்னம் மடிப்புக்குள் போய்விட்டது. அன்புவழிபுரத்து ஓட்டோக்காரர் என் தையற்கடை வாசலில் நிறுத்தி, "அக்கா, ஆரின்ர செத்தவீடு?" என்று கேட்டார். வெள்ளைக்கொடி கட்டினால் இந்த ஊரில் வேறென்னத்தைக் கேட்பார்கள்? இது தெரியாத படிப்பு என்ன படிப்போ.

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் அவிழ்த்தார்கள். பின்னேரம் விழாச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். கோயிலுக்கும் வள்ளங்களுக்கும் கொடி தைத்தே வீடு கட்டினவள் நான். கடதாசியும் பென்சிலும் எடுக்கவில்லை. மேலே கடல்நீலம், கீழே விளைந்த வயலின் மஞ்சள், குறுக்கே ஒற்றை வெள்ளை மீன். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியத் துணியை வெட்டிப் பொருத்தினேன். தூரத்தில் வள்ளத்தில் நிற்கிறவனுக்கும் விளங்கும். இதை யோசித்தது நான்தான் என்று மேடையில் சொல்ல வேண்டும் என்றேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

விழாவன்று கொடியை நானே கொண்டுபோய், மடியில் வைத்தபடி முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். ஒலிபெருக்கியில் கொடியை வடிவமைத்தவர் என்று ஒரு சித்திர வாத்தியாரின் பெயர் வந்தது. நான் தைத்து முடித்ததைப் பார்த்து அழைப்பிதழுக்குப் படம் கீறினவர் அவர். நான், "தைத்து உதவிய சகோதரி". வாத்தியார் எழும்பிச் சபையைக் கும்பிட்டார். வெட்கம் என்ற சாமானை எங்கேயோ விற்றுவிட்டாராக்கும்.

செயலாளர் வந்து குனிந்தார்.

"தாங்கோ அம்மா. பிரதம விருந்தினர் கம்பத்தடியில நிக்கிறார்."

"நிக்கட்டும். வாத்தியாற்ற கொடியை ஏத்துங்கோ. இது என்ர."

வாத்தியாரிடம் இருந்தது கடதாசி மட்டும். செயலாளர் மேடைக்கு ஓடினார். ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரத்து, வடிவமைத்தவர் என்று என் பெயரைச் சொன்னது. சபைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொருதரமும் சொல்லவைத்த பிறகே மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

வாத்தியாரும் கை தட்டினார். அந்தக் கையால் நடந்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.